வால்வைக் கழற்றும் முன்

போன மாதம் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு பையன் பேஸ் கிட்டார் ஆம்ப் ஒன்றை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். சர்ச் பாட்டுக்குழுவில் வாசிக்கிறவன். "மாமா, வால்வு போயிருச்சு. புது ஜோடி வாங்கச் சொல்றாங்க, வெலையக் கேட்டா தல சுத்துது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. 'வால்வு போயிருச்சு' என்பதை காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் நான் 1974-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது வந்தவை கிட்டார் பெட்டிகள் அல்ல, மைக் செட்டுகள். என் வாத்தியாரின் கடை ரோட்டோரக் கீற்றுக் கொட்டகை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆனி மாதம் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். கீழே நாற்காலியில், கண்ணாடி வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். மெல்லிசைக் குழுக்கள் வரத் தொடங்கியதும் தலைவலியும் வந்தது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிரும். பேச்சுக்காகச் செய்த குழாய்க்கு அந்தச் சத்தம் எட்டவே எட்டாது. பலகையில் பெட்டி அடித்து உள்ளே கோன் ஸ்பீக்கர் பொருத்தி, அதே மைக் செட் ஆம்பில் மாட்டிவிடுவோம். பாடுகிறவரையும் பேஸையும் ஒரே ஜோடி வால்வுதான் சுமக்கும்.

அமெரிக்காவில் இதற்கென்றே பெட்டி செய்தார்கள். லியோ ஃபெண்டர் 1951-இல் பேஸ் கிட்டாரையும், அடுத்த ஆண்டே அதற்காக 'பேஸ்மேன்' ஆம்பையும் கொண்டுவந்தார். லண்டனில் ஜிம் மார்ஷல் கடைக்காரர்கள் அந்தப் பேஸ்மேனைப் பார்த்துத்தான் 1962-இல் தங்கள் முதல் ஆம்பைச் செய்தார்கள். 1969-இல் ஆம்பெக் கம்பெனியின் எஸ்.வி.டி. வந்தது. 300 வாட், பதினான்கு வால்வு. அதையெல்லாம் நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் கவலை வால்வு கிடைப்பதைப் பற்றியது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரை காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி. வாத்தியார் தொழில் பழகிய ரேடியோவின் டயலில் ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சில் இருந்ததாகச் சொல்வார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்த பிறகும், பெரிய பவர் வால்வு வேண்டுமென்றால் சென்னைக்கு ஆள் போகவேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. அதனால் இங்கே மெக்கானிக் என்றால் வால்வை மாற்றுகிறவன் அல்ல, மாற்றாமல் ஓட்டுகிறவன்.

முதல் வாரம் வாத்தியார் கற்றுக்கொடுத்தது வால்வின் பெயரை ஜாதகம்போலப் படிக்க. இ.எல்.34 என்றால், 'இ' ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 'எல்' பவர் வால்வு, 3 எட்டுக்கால் சாக்கெட். இ.சி.சி.83 என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. 8 என்பது ஒன்பது கால். கண்ணாடியின் உள்ளே வெள்ளிபோல மினுக்கும் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடலாம். பென்சிலால் லேசாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் அந்தச் சின்ன வால்வை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் பெரும்பாலும் வால்வின் குற்றமில்லை.

இங்கே வால்வு ஆம்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, ராத்திரி வோல்டேஜ். திருவிழாவில் சீரியல் பல்பு எல்லாம் எரிந்தால் 230 இருக்கவேண்டிய இடத்தில் 180 வரும். ஹீட்டருக்கு 5 வோல்ட்கூடத் தேறாது. சோர்ந்த அந்த வால்விடம் பேஸ் கிட்டாரையும் சுமக்கச் சொல்வோம். இன்னொன்று உப்புக்காற்று. கடல் பக்கத்தில்தானே இருக்கிறோம். சாக்கெட்டின் பித்தளையில் பச்சை பூத்துவிடும்.

அந்தப் பையனின் ஆம்பை விளக்கணைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு இ.எல்.34-இல் இடது பக்கத்தது உள்ளே தகடு சிவந்து கனன்றது. உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர்களில் தங்கிய 400 வோல்ட்டை ரெசிஸ்டன்ஸ் வைத்து இறக்கினேன். "இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கடா தம்பி" என்று வாத்தியார் சொன்னது இன்றும் என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறியதும் இரண்டு வால்வையும் இடம் மாற்றிச் செருகி, ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு (ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் காலி) மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். இப்போதும் இடது பக்கமே சிவந்தது. சிவப்பு வால்வோடு நகர்ந்திருந்தால் வால்வு கெட்டது. நகரவில்லை. ஆக, இடம் கெட்டது. கவிழ்த்துப் பார்த்தால் ஐந்தாவது காலைப் பிடிக்கும் தகடு பச்சையாகத் தளர்ந்து கிடந்தது. அந்தக் கால்தான் கிரிட். வால்வை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜ் அது வழியாகத்தான் வரும். அது வராவிட்டால் எந்தப் புது வால்வும் பத்து நிமிடத்தில் கருகும்.

எழுபதுகளில் டிரான்சிஸ்டர் ஆம்ப் வந்து எங்கள் வால்வுகளை மூட்டை கட்டியது. கனம் குறைவு, பேட்டரியிலும் ஓடும். குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்று வால்வு செய்யும் ஊர்கள் கொஞ்சம்தான். ஸ்லோவாக்கியாவில் சாட்சா, ரஷ்யாவில் சரதோவ், பிறகு சீனா. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்ததுமே உலகம் முழுக்க விலை எகிறியது. அந்த விலையைத்தான் பையனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பீங்கான் சாக்கெட் ஒன்று மாற்றினேன். வால்வு இரண்டும் பழையவைதான், ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்துவிட்டான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ கிடந்தால், பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன் வால்வுகளைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.