ஏவிட்
ஏவிட் என்பது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லவிருப்போரையும் நடுத்தர மதிப்பெண் பெறுவோரையும் உயர்கல்விக்கு ஆயத்தம் செய்யும் அமெரிக்கப் பள்ளித் திட்டம். 'தனிமனித உறுதியால் முன்னேற்றம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பெயராயின. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், கிளேர்மாண்ட் உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை மேரி கேத்தரின் ஸ்வான்சன் 1980இல் 32 மாணவர்களுடன் இதைத் தொடங்கினார். இனப் பிரிவினையை நீக்கும் நீதிமன்ற ஆணையால் வறிய பகுதிகளின் மாணவர்கள் அப்பள்ளிக்கு வந்துசேர்ந்த காலம் அது. அவர்களுக்கு எளிய பாடம் தராமல், கடினமான பாடப்பிரிவுகளிலேயே சேர்த்து, தாக்குப்பிடிக்கத் துணை வகுப்பும் அளித்ததே இதன் தனித்தன்மை.

அவ்வகுப்பு பள்ளி நேரத்திலேயே விருப்பப்பாடமாக நடைபெறும். மாணவர் தமக்கு விளங்காத இடத்தைத் தாமே கேள்வியாக எழுதிவருவார். சிறு குழுவில் பயிற்றுநர் (பெரும்பாலும் கல்லூரி மாணவர்) விடை சொல்லாமல் எதிர்க்கேள்விகளால் வழிகாட்டுவார். குறிப்பெடுக்க, கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறை பயன்படுகிறது: தாளின் வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்க ஒடுங்கிய பத்தியில் கேள்வி, அடியில் சுருக்கம். எழுத்து, வினவல், கூட்டுழைப்பு, ஒழுங்கமைப்பு, வாசிப்பு ஆகியன கற்பித்தலின் அடிப்படைகள். சான் டியேகோவைத் தலைமையிடமாகக் கொண்ட இலாபநோக்கற்ற மையம் ஒன்று இத்திட்டத்தை நடத்துகிறது.