மாமல்லபுரத் தவச் சிற்பத் தொகுதியில் வெளியும் இழையமைப்பும்

முன்னுரை

காண்கலையின் அடிப்படைக் கூறுகளுள் வெளியும் இழையமைப்பும் இன்றியமையாதன. ஓவியத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் தோற்றங்களாகப் படைக்கப்பெறுகின்றன. பாறைப் புடைப்புச் சிற்பத்திலோ கண்ணுக்கும் கைக்கும் எட்டும் மெய்ப்பண்புகளாக அமைகின்றன. கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பான மாமல்லபுரத் தவச் சிற்பத் தொகுதி இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உடைய இத்தொகுதியில் உருவம் செதுக்கப்பெறாத பகுதிகள் இருவகையின. அவற்றைப் பிரித்தறிவதன் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பிளவு என்னும் வெளி

இரு பெரும்பாறைகளுக்கு இடையே இயற்கையாய் அமைந்த பிளவே தொகுதியின் நடுவிடம். அதனுள் நாகர்கள் கைகூப்பியவாறு மேலெழுகின்றனர். இருபுறத்தும் உள்ள தேவர், கணங்கள், விலங்குகள் ஆகியோருள் பெரும்பாலோர் பிளவை நோக்கியே நகர்கின்றனர். பாறையின் மேற்புறத்துத் தொட்டியின் எச்சங்கள், பிளவின்வழி நீர் பாயச் செய்திருக்கலாம் என்ற கருத்துக்கு வலுவூட்டுகின்றன. ஆகவே, இவ்வெற்றிடம் உருவங்களுக்குத் திசையும் பொருளும் தரும் ஆக்கவெளியாகும். எனினும், பிளவைக் கங்கையாகக் கொள்வதால் மட்டும் இதனைப் பகீரதன் தவம் என முடிவுகட்ட இயலாது. அருச்சுனன் தவமியற்றிய இமயச் சூழலுக்கும் கங்கை பொருந்துவதே.

இழையமைப்பின் வேறுபாடு

ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரிவோனின் உடலில் விலா எலும்புகள் புடைத்துத் தோன்றுகின்றன. வலப்புறத்து யானைகளின் உடலோ அகன்று, திரண்டு, மழமழப்பாக விரிகிறது. ஒரே கருங்கல்லில் தவத்தின் மெலிவும் விலங்கின் திண்மையும் மேற்பரப்பின் வேறுபாட்டாலேயே உணர்த்தப்பெறுகின்றன.

முற்றுப்பெறாப் பகுதி

இடப்புறப் பாறையின் கீழ்ப்பகுதி வேலை நிறைவுறாமல் நிற்கிறது. இங்குள்ள சொரசொரப்பைத் திட்டமிட்ட அழகியல் உத்தியாகக் கருதுவது பொருந்தாது. பாறைப் பரப்பைச் சதுரங்களாக வகுத்து, இடையே ஆழக் கோடிட்டு, எஞ்சிய கல்லை உடைத்தெடுக்கும் பல்லவர் தொழில்முறையை முற்றுப்பெறாக் குடைவரைகள் காட்டுகின்றன. இதே தவக் காட்சியைச் சித்திரித்து நிறைவுறாது நிற்கும் பிறிதொரு புடைப்புச் சிற்பமும் மாமல்லபுரத்திலேயே உள்ளது. எனவே, கரடான பரப்பை முதற்கண் தொழில்நிலையின் தடயமாகக் கொள்வதே முறை.

முடிவுரை

பிளவினை உருவங்களின் நோக்கும் உள்ளமைந்த நாகர்களும் கலைவெளியாக உறுதிசெய்கின்றன. கீழ்ப்பகுதிக்கு அத்தகைய உறுதி இல்லை. அங்கு எஞ்சியிருப்பது சிற்பியர் உழைப்பின் வரலாறு. இரண்டையும் ஒன்றாக்கினால் சிற்பியர் கருதாத பொருளை அவர்கள்மேல் ஏற்றியவராவோம். உளிகள் நின்ற இடத்தையும் காணத் தவறுவோம். பல்லவர் சிற்ப ஆய்வில் அழகியல் நோக்கும் தொழில்நுட்ப நோக்கும் இணைய வேண்டியதன் காரணம் இதுவே.