மருத்துவ மோசடியும் கமிஷனும்: தண்டனைச் சட்டங்கள் (திருவனந்தபுரம்)

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க அரசு மருத்துவர் வாங்கும் பணமும், ஸ்கேனுக்கு ஆள் அனுப்பிய தனியார் மருத்துவருக்கு ஆய்வகம் கொடுக்கும் கமிஷனும் நோயாளியின் கையிலிருந்தே போகின்றன. ஆனால் முன்னதற்குச் சிறை உண்டு. பின்னதைப் பெரும்பாலும் மருத்துவ கவுன்சிலோடு விட்டுவிடுகிறார்கள்.

இந்திய தண்டனைச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சிக்கு நீட்டிக்கப்பட்டது 1951 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை நேரு திறந்துவைத்தார்.   லஞ்சம் வாங்கிய அரசு ஊழியருக்குத் தண்டனைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை. 1988இன் ஊழல் தடுப்புச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டுத் தன் 7ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. அதன் தண்டனை இப்போது குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு ஆண்டு. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளியே. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். உயிர் பயத்தில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடப்பவருக்கு ஏழு நாள் அதிகமில்லை.

லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்கக் கேரள விஜிலென்ஸ் துறை வைக்கும் பொறி எளியது. பினாப்தலீன் தூவிய நோட்டைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் நீர் இளஞ்சிவப்பாகும். 2009இல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் தனிப் பிராக்டிசுக்குக் கேரளம் தடை போட்டது. சுகாதாரத் துறை மருத்துவர்கள் மட்டும் பணிநேரம் போக வீட்டில் நோயாளிகளைப் பார்க்கலாம். அங்கே எது கட்டணம், எது லஞ்சம் என்று பிரிப்பதுதான் சிரமம்.

காப்பீட்டு மோசடி பிறகு வந்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் பற்றிய 2023 தணிக்கை அறிக்கை, இறந்ததாகப் பதிவான நோயாளிகள் பேரில் பணம் கொடுத்த இனங்கள் கேரளத்தில் 966 என்றது. இதற்குக் காரணமாக, சிகிச்சைக்கான அனுமதியை முன்தேதியிட்டுப் பதிய விதியில் இடமுண்டு என்று தேசிய சுகாதார ஆணையம் விளக்கியது. அதே ஆண்டு, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு ஏஜென்டுகள் மூலம் போலி மருத்துவச் சான்றிதழ்கள் போனதை விஜிலென்ஸ் கண்டுபிடித்தது. இத்தகைய ஏமாற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4). இரண்டிலும் உச்சம் ஏழாண்டே.

தனியார் கமிஷனைத் தடுப்பவை 2002இன் மருத்துவ ஒழுக்க விதிகள். மருந்து நிறுவனப் பரிசுகளுக்கான தடை 2009இல் சேர்ந்தது. ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் கண்டனம், தொகை கூடக்கூடப் பதிவேட்டிலிருந்து தற்காலிக நீக்கம் என 2016இல் தண்டனை வகுத்தார்கள். பரிசு கொடுக்கும் நிறுவனத்துக்கு நெருக்கடி வரித்துறை வழியாக வந்தது. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மருத்துவருக்குத் தரும் இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வரி கழிக்க முடியாது என்றது. சிறைக்கு யாரும் போகவில்லை. அரசுக் காப்பீட்டில் இதே கமிஷனை 1972இலேயே குற்றமாக்கிய அமெரிக்காவில் இப்போது பத்தாண்டுவரை சிறை. மகாராஷ்டிரம் 2017இல் எழுதிய கமிஷன் தடை வரைவு சட்டமாகவில்லை. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறைப்படி, மீறிய நிறுவனத்தை விசாரிப்பது மருந்து நிறுவனச் சங்கங்களின் குழுவே.