கட்டுச்சோற்று நாள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் டேவிஸ் என்று ஓர் ஊர். விவசாயம், கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் ஏப்ரலில் மாணவர்களே முன்னின்று நடத்தும் விழாவுக்குப் 'பிக்னிக் டே' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் கட்டுச்சோற்று நாள்.

பல்கலைக்கழகம் உருவான கதை வெண்ணெயில் தொடங்குகிறது. வெண்ணெயின் தரம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கலிபோர்னியாப் பையன்கள் வெளிமாநிலம் போகவேண்டியிருந்தது. பீட்டர் ஷீல்ட்ஸ் என்ற நீதிபதிக்கு இது பொறுக்கவில்லை. அவரைப் போன்றவர்கள் விடாமல் முயன்றதில் 1905-ல் சட்டம் வந்தது. 1906-ல் சுமார் 780 ஏக்கர் வாங்கினார்கள். பெர்க்லியில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு அது பண்ணை, பையன்களுக்குப் பள்ளிக்கூடம்.

1909 மே மாதம், புதிதாகக் கட்டிய கறவை மாட்டுக் கொட்டகையைப் பார்க்க வாருங்கள் என்று அழைத்தார்கள். இரண்டாயிரம் பேர் வந்துவிட்டார்கள்! சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வந்தது. காபி, சர்க்கரை, பாலேடு மட்டும் பண்ணையின் உபயம். காபியைச் சரியாகக் கவனித்தால் கூட்டம் மறுவருஷமும் வரும் என்பது கல்யாணம் நடத்திய நமக்குத் தெரியாததா? 1912-ல் மாணவர்கள் குழு அமைத்து விழாவைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

1924-ல் விழா நடக்கவில்லை. காரணம் கோமாரி. வருகிறவர்களில் பாதிப்பேர் மாடு வைத்திருப்பவர்கள். செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு நோய் ஊர் ஊராகப் போய்விடும். அந்த வருஷம் கலிபோர்னியாவில் மாடு, ஆடு, பன்றி என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுட்டுக் குழியில் புதைத்தார்கள். காட்டில் மானுக்கும் பரவியதால் இருபதாயிரத்துக்கு மேல் மான்களும் போயின. நம் பக்கத்தில் கோமாரி கண்ட மாட்டுக்குத் தேங்காயும் கருப்பட்டியும் அரைத்து ஊட்டி, குளம்புப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவித் தேற்றுவார்கள். வளர்த்த மாட்டைச் சுடு என்றால் எந்தக் குடியானவனுக்கு மனசு வரும்? ஆனால் 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் கோமாரி இல்லை. நமக்கோ வருஷம் இரண்டு தடுப்பூசி போட்டும் தீரவில்லை. இதை நினைத்தால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

1938-ல் ஏதோ கட்டட வேலை முடியவில்லை என்று விட்டுவிட்டார்கள். 1943 முதல் 1945 வரை வளாகமே ராணுவத்தின் வசம். மறுபடி 1946-ல் தொடங்கியது. 1959-ல் டேவிஸ் எல்லாத் துறையும் கொண்ட முழுப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதன்பின் விவசாயப் பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு பங்குதான். ஊர்வலம், பாட்டுக் கச்சேரி, குட்டைக்கால் நாய்களின் ஓட்டப்பந்தயம் என்று பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். குடித்துவிட்டு ரகளை செய்கிற கூட்டமும் உண்டு. போலீசுக்கு அன்று ஓய்வில்லை. 2020-ல் மனுஷனுக்கு வந்த நோயால் கூட்டம் கூடாமல், எல்லாவற்றையும் இணையத்தில் காட்டவேண்டியதாயிற்று.

இத்தனை மாறியும் மாட்டைப் பார்க்கிற வரிசை குறையவில்லை. ஆராய்ச்சிக்காக விலாவில் வட்டமாகத் துளை போட்டு ரப்பர் மூடி வைத்த பசு ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். அது பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டு நிற்கும். குழந்தைகள் தோள்வரை நீளும் கையுறை மாட்டிக்கொண்டு இரைப்பைக்குள் கைவிட்டு, மென்று விழுங்கிய தீவனத்தைச் சூடாக அள்ளிப் பார்ப்பார்கள்.