அரைநாள் பள்ளியும் அறுபடாத நட்பும்



போன ஞாயிறு நம் வீட்டுத் திண்ணையில் நீட், 7.5 சதவீத ஒதுக்கீடு என்று பேச்சு வளர்ந்து, ஒரே பெஞ்சில் படித்த இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார்கள். 2017-ல் குழுமூர் அனிதாவை இழந்த பகுதி நம்முடையது. சூடு வரத்தான் செய்யும். எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது.

1953-ல் முதல்வர் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார். (நம் குன்னம் பக்கம் மீதி நேரம் என்றால் பருத்திக்காடுதான். இதில் நான் பெரியார் பக்கம், மறைக்க ஒன்றுமில்லை.) 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார்.

கருத்தில் இருவருமே இறங்கி வரவில்லை. நட்பையும் விடவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடுவரை வந்து குலுங்கி அழுதார்.

கோபித்துக்கொண்டு போன இருவரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வரும் ஞாயிறு காப்பிக்குச் சொல்லி வைக்கிறேன், வாங்கப்பா.