பாஸ்டன் நகரின் பகற்பள்ளி

தன் காது கேளாத குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப் போலவே காலையில் பள்ளிக்குச் சென்று மாலையில் தாயிடம் திரும்பவேண்டியவர்களே என்பதை ஒரு நகரம் உணர்ந்து, அவர்களுக்கென்று தன் பொதுப் பள்ளிகளின் வரிசையிலேயே ஒரு பாடசாலையைத் திறந்த சம்பவம் 1869-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்தது. அக்கால வழக்கையொட்டிச் ‘செவிட்டூமையர் பள்ளி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கல்விச் சீர்திருத்தத்தில் புகழ்பெற்ற ஹோரேஸ் மானின் பெயர் 1877-இல்தான் அதற்குச் சூட்டப்பெற்றது. அந்நாட்டில் இன்றளவும் நடந்துவரும் இவ்வகைப் பகற்பள்ளிகளுள் மிகப் பழமையானது அதுவே.

அப்பள்ளி தோன்றுவதற்கு முன்பு, பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் மாகாணத்துக் காது கேளாத குழந்தைகள் அண்டை மாகாணத்திலுள்ள ஹார்ட்போர்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தாமஸ் காலடெட் என்னும் பாதிரியாரும், பாரிஸ் நகரத்துப் பள்ளியிலிருந்து அவர் அழைத்துவந்த, தாமே காது கேளாதவரான லாரன்ட் கிளெர்க் என்னும் உபாத்தியாயரும் 1817-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம், சைகை மொழியை ஆதாரமாகக் கொண்டு, மிகச் சிறப்பாகவே போதித்துவந்தது. ஆனால் சுமார் நூறு மைலுக்கு அப்பால், தன் குறையைச் சொல்லி அழவும் பேச்சில்லாத பிள்ளையைப் பிரிந்திருக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

இந்த மனத்தாங்கலோடு வேறோர் அபிப்பிராயமும் சேர்ந்துகொண்டது. 1843-இல் ஐரோப்பிய யாத்திரை சென்ற ஹோரேஸ் மான், ஜெர்மானியப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகள் வாய்விட்டுப் பேசப் பயிற்றப்படுவதைக் கண்டு, அதனை வெகுவாகப் புகழ்ந்து தம் ஆண்டறிக்கையில் எழுதினார். அந்த விதை முளைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. நோயினால் செவிப்புலன் இழந்த மேபல் என்னும் சிறுமியின் தந்தை கார்டினர் ஹப்பர்ட் முதலியோரின் முயற்சியால், 1867-இல் மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்த்தாம்ப்டனில் கிளார்க் என்னும் வேறொருவர் பெயரால் ஒரு பேச்சுமுறைப் பள்ளி தோன்றிற்று. பாஸ்டன் பள்ளியும் அதே முறையைக் கைக்கொண்டது.

பாஸ்டன் பள்ளியின் தலைமை உபாத்தியாயினியாக அமர்ந்த சேரா புல்லர் என்னும் அம்மையார், 1910 வரை நாற்பதாண்டுக் காலம் அப்பதவியை வகித்தார். அவருடைய அழைப்பின் பேரில் 1871 ஏப்ரலில் ஓர் இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் தொலைபேசியால் உலகப் பிரசித்தி பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்தான் அவர். மேபலை மணந்தவரும் அவரே. தம் தந்தையார் வகுத்த ‘கட்புலனாகும் பேச்சு’ என்னும் குறியீட்டு முறையை அவர் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கற்பித்தார். அம்முறையில் ஒவ்வொரு குறியும் ஒலியின் சித்திரமன்று; அவ்வொலி பிறக்கும் இடத்தின் சித்திரம். வலப்பக்கம் நோக்கிய ஒரு முகத்தை மனத்தில் கொண்டால், வளைகோட்டின் வயிறு இடப்புறம் இருந்தால் நாவின் அடிப்பகுதி, வலப்புறம் இருந்தால் இதழ் என்று பொருள்படும். எழுத்துக்களின் பிறப்பிடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாகப் பகுத்துப் பிறப்பியல் செய்த தொல்காப்பியரின் வழியில் இலக்கணம் பயின்ற நமக்கு, இந்த யுக்தி அந்நியமாகத் தோன்றாது.

1890-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, கண்ணும் காதும் ஒருங்கே இழந்த ஹெலன் கெல்லர், பத்து வயது நிரம்பாத சிறுமியாக, சேரா புல்லரிடம் வந்தாள். அம்மையார் அச்சிறுமியின் கையைத் தம் முகத்தின்மேல் வைத்து, நாவும் உதடும் நிற்கும் நிலையை விரலால் தடவி அறியச் செய்துகொண்டே ஒலித்துக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் ஆறு ஒலிகள் அவள் வசமாயின. பதினொரு பாடங்கள் நடந்தன. அந்தப் பொறுமைக்கு ஈடாக எதைச் சொல்வது!

ஆயினும், பேச்சைக் கொடுக்க முனைந்த அந்தக் கைங்கரியத்தோடு கூடவே ஓர் அநீதியும் வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். உதட்டசைவைக் கொண்டு பேச்சை அறிவது எவ்வளவு கடினம் என்பதைக் கண்ணாடி முன் நின்று ‘படி’ என்றும் ‘மடி’ என்றும் ஓசையின்றிச் சொல்லிப் பார்ப்பவர் உடனே அறிவார். உதட்டில் இரண்டும் ஒன்றே. இத்தகைய ஐயங்களைக் கணத்தில் தீர்க்கவல்ல கைகளைப் பேச்சுமுறைப் பள்ளிகள் விலக்கிவைத்தன. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு, பேச்சுமுறையே மேலானதென்று பெருவாரியான வாக்குகளால் தீர்மானித்தது. வாக்களித்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தனர். மேலும் பெல், 1883-இல் விஞ்ஞானிகள் சபையில் படித்த கட்டுரையில், காது கேளாதோர் விடுதிப் பள்ளிகளில் கூடி வாழ்வதால் தமக்குள்ளேயே மணந்துகொள்கிறார்கள் என்றும், அவர்களைப் பிரித்துவைக்கும் பகற்பள்ளிகளே உகந்தவை என்றும் வாதித்தார். தாயோடு பிள்ளையைச் சேர்த்துவைக்கப் பிறந்த ஏற்பாட்டை, ஒரு சமூகத்தைக் கலைக்கும் கருவியாக அவர் கண்டார். தாய்க்குச் சைகை தெரியாது. பிள்ளைக்குப் பேச்சு எட்டாது. இந்நிலையில் மாலையில் வீடு திரும்பிய குழந்தை, உறவினர் நடுவிலேயே தனித்திருக்க நேர்ந்தது. பகற்பள்ளி என்னும் கொள்கை இதற்குக் காரணமன்று என்பதே என் துணிபு. கையைக் கட்டியதே பிழை.

சைகைக்குச் சொந்த இலக்கணம் உண்டு என்பதை, கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகளாகப் பகுத்து வில்லியம் ஸ்டோகோ நிறுவியது 1960-இல்தான். மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க, அதே வரிசையில் வந்த மகாநாட்டிற்கு 2010 வரை, வான்கூவர் நகரக் கூட்டம் வரை, காலம் பிடித்தது. சேரா புல்லர் உதட்டசைவைப் பயிற்றிய பள்ளி இன்றும் பாஸ்டன் பொதுப் பள்ளிகளுள் ஒன்றாகவே நடக்கிறது. அங்கே அமெரிக்கச் சைகை மொழியும் ஆங்கிலமும் இப்போது போதனா மொழிகளாக உள்ளன.