இலவம் பஞ்சும் நம் இல்லமும்

இலவு காத்த கிளியின் கதையை நீங்கள் அறிவீர்கள். காய் பழுக்குமென்று காத்திருந்த கிளிக்கு, அது வெடித்துப் பஞ்சாய்ப் பறந்தபோது ஏமாற்றமே மிஞ்சிற்று. கிளிக்கு உதவாத அப்பஞ்சு மனிதனுக்கு எவ்வாறு உதவிற்று, பின்னர் ஏன் புறக்கணிக்கப்பட்டது என்பதே இன்று நான் கூறப்போகும் வரலாறு.

போடிநாயக்கனூரை உலகம் ஏலக்காய்ச் சந்தையாகவே அறியும். ஈரமும் நிழலும் மிக்க உயர்ந்த மலைப்பகுதியில் ஏலம் விளைகிறது. அதற்குக் கீழே, குரங்கணியை ஒட்டிய வெப்பமிகுந்த சரிவுகளில் இலவ மரங்கள் வளர்கின்றன. கோடையில் முற்றிய காய்களைத் துறட்டியால் பறித்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் விதையும் நீக்கிப் பஞ்செடுப்பர். வழுவழுப்பான குறு நாராதலின் அது நூற்பதற்கு எளிதில் இணங்காது. தலையணைக்கும் மெத்தைக்கும் மிக ஏற்றது.

அந்நாரின் உள்ளே காற்று நிறைந்த வெற்றிடம் உண்டு. மேலே மெழுகு போன்ற பூச்சும் உண்டு. ஆகவே, அது நீரில் மிதக்கும். இப்பண்பினால் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தனர். உலகச் சந்தைக்கு அதனை மிகுதியாக அனுப்பிய சாவகத் தீவை 1942இல் ஜப்பானியர் கைப்பற்றவே, அமெரிக்கா திகைத்தது. 1944இல் அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள், நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களை வயல்தோறும் திரட்டி, அப்பஞ்சுக்கு ஈடு தேடித் தந்தனர்!

இதற்கிடையில் வேதியியல் வேறு வழி வகுத்தது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரித்தேனைக் கண்டனர். 1941இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழை உருவாயிற்று. போருக்குப் பின் இவை பெருந்தொழில்களாகி, நுரை மெத்தையாகவும் செயற்கைப் பஞ்சுத் தலையணையாகவும் நம் இல்லங்களிலும் நுழைந்தன. இவையும் பிளாஸ்டிக்கின் இனமே. பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து பிறப்பவை. தூர எறிந்தால் எளிதில் மட்காதவை. எரித்தால் நச்சுப்புகை கக்குபவை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுள் 14 வகைகளைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கிற்று. ஆனால், கடைப்பையைத் தடுத்த அச்சட்டம் படுக்கையறைத் தலையணையைத் தொடவில்லை. அங்கே தீர்ப்பளிக்க வேண்டியவர் நாமே.

இலவம் பஞ்சுக்கும் குறைகள் உண்டு. நாட்பட அமுங்கிக் கட்டிபடும், எளிதில் தீப்பற்றும், துணிபோல் துவைக்க இயலாது. ஆயினும், அவ்வப்போது வெயிலில் காயவைத்தும், உறையைப் பிரித்துப் பஞ்சை உதறித் திரும்ப அடைத்தும் அதனை நெடுநாள் பயன்படுத்தலாம். இறுதியில் அது மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஒரு பொருள் வழக்கொழிவது அது தாழ்ந்தது என்பதனால் மட்டுமன்று. மலிவும் சோம்பலும்கூட அதனை ஒழித்துவிடும். வரலாறு கற்பித்த நாள்களில் நான் கண்ட உண்மை இது. பஞ்சுக்கு விலை இல்லையேல், தோட்டக்காரர் மரத்தை எத்தனை நாள் காப்பார்? மரம் வீழ்ந்தால், பறிப்பவர், பிரிப்பவர், மெத்தை தைப்பவர் ஆகிய அனைவர் பிழைப்பும் உடன் வீழும். அடுத்த தலையணை வாங்கும்போது, அதனுள் இருப்பது யாது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அக்கேள்வி பல வீடுகளிலிருந்து எழுமாயின், போடி மலைச்சரிவில் இலவம் நிலைக்கும்.